பதினான்கு பிள்ளைகளில் பாதிப் பேரைக் காணவில்லை

கேள்வி: என் அப்பாவின் தாத்தா கல்லல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். அவருக்கு இரண்டு தாரம், மொத்தம் பதினான்கு பிள்ளைகள் என்று எங்கள் அப்பத்தா சொல்வார்கள். இன்று எங்களுக்குப் பெயர் தெரிந்தவர்கள் ஏழு பேர்தான். ஆறு ஆண், ஒரு பெண். மற்றவர்கள் யார், அவர்கள் வழியில் வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அப்பாவுக்கு வயது 78. ஊரில் இருந்த நிலம், வீடு எல்லாம் விற்றாயிற்று. இணையத்தில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, கோயம்புத்தூர்

பதில் (ஆவண எழுத்தர், காரைக்குடி):

பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது அம்மா. ஆறு ஆண், ஒரு பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தாரத்துக்குப் பதினான்கு பிறந்த வீட்டில் பெண் ஒன்றே ஒன்றுதான் என்றால் நம்புவது கஷ்டம். தெரியாமல் போன அந்த ஏழு பேரில் பெரும்பாலோர் கட்டிக் கொடுத்த பெண்களாகவும், சின்னதிலேயே தவறிப்போன குழந்தைகளாகவும்தான் இருப்பார்கள்.

ஆண் பிள்ளைகள் பெயர் தங்கியதற்குக் காரணம் உண்டு. பங்காளி என்றால் குலதெய்வக் கோவிலுக்கு ஒரே வரி, நிலத்தில் பங்கு, யார் இறந்தாலும் தீட்டு. மறக்கவே விடமாட்டார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அவள் புருஷன் வீட்டுக் குலதெய்வத்துக்குப் போய்விடுகிறாள். அவள் பிள்ளைகள் காலம் வரை மாமன், மச்சான் என்று போக்குவரத்து இருக்கும். பேரன் பேத்தி காலத்தில் பத்திரிகை வைப்பது நின்றுபோகும். அப்புறம் அந்த ஊர்ப்பெயர் கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆகவே எல்லோரும் செய்வதுபோல் பங்காளி வரிசையில் மேலே மேலே போகாமல், பூட்டனாரின், அதாவது உங்கள் அப்பாவின் தாத்தாவின், பெண் மக்களிலிருந்து தொடங்குங்கள். பத்திரம் எழுதுகிற தொழிலில் இருப்பவன் நான். வாரிசு ஒருவர் விட்டுப்போனால் பத்திரம் பின்னால் வழக்கில் போய் நிற்கும். அதனால் எந்தப் பெரியவர் பெயரைச் சொன்னாலும் "அவருக்குப் பெண் மக்கள் எத்தனை, எங்கே கொடுத்தது" என்றுதான் முதலில் கேட்பேன். உங்களுக்கும் அதே கேள்விதான் வழி.

முதலில் அப்பத்தா சொன்ன கணக்கை நம்புங்கள். அவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். மாமியார் பெற்ற கணக்கை மாமியார் வாயாலேயே கேட்டிருப்பார். பெற்றவள் கணக்கில் தவறிய குழந்தையும் சேரும், ஆண்கள் கணக்கில் சேராது. ஊரில் யாராவது பெரியவர் "அவருக்குப் பத்துப் பிள்ளைதானே" என்று சொன்னால் அப்பத்தா கூட்டிச் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். பெற்றது பதினான்கு, வளர்ந்தது பத்து என்றால் இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

காலத்தையும் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். அப்பாவுக்கு 78 என்றால் 1940-களின் கடைசியில் பிறந்தவர். தாத்தா 1910-களில், பூட்டனார் 1880-களில் பிறந்திருக்கலாம். அப்படியானால் அவர் பிள்ளைகள் ஏறத்தாழ 1905-லிருந்து 1935-க்குள் பிறந்தவர்கள். நடுவில் 1918-ம் வருட விஷக் காய்ச்சல் வந்து போனது. அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் ஒன்றிரண்டு குழந்தைகள் தங்காமல் போவது சாதாரணம். அவர்களுக்குக் காகிதத்தில் பெயர் கிடைப்பது அரிது. ஆனால் அடுத்துப் பிறந்த பிள்ளையின் பெயர் அவர்களைக் காட்டிக் கொடுக்கும். முந்திய குழந்தைகள் தங்காத வீட்டில் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். பிச்சை, குப்பை, குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த ஆறு ஆண்களில் ஒருவர் பெயர் பிச்சை என்றால், அவருக்கு மேலே குறைந்தது ஒரு குழந்தை போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல் போதும்பொண்ணு என்று ஒரு அத்தை இருந்ததாக யாராவது சொன்னால், அவருக்கு மேலே வரிசையாகப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு பெயரை வைத்தே மூன்று பேரைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அடுத்து உங்கள் அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி: அப்பத்தா யாருடைய மகள்? அக்காள் மகளைத் தம்பிக்குக் கட்டுவது நம் பக்கம் வெகு சாதாரணம். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் மூத்த பெண்ணின் மகளும் கடைசித் தம்பியும் ஏறக்குறைய சேர்ந்தே வளர்வார்கள். அப்படித் தாத்தா தன் அக்காள் மகளைக் கட்டியிருந்தால், நீங்கள் தேடும் பூட்டனார் மகள் ஒருத்தி உங்கள் அப்பத்தாவைப் பெற்றவள். இத்தனை நாள் "அப்பத்தாவின் அம்மா" என்று வேறு பக்கத்தில் எழுதி வைத்திருப்பீர்கள். மற்ற ஐந்து மகன்களின் மனைவிகளைப் பற்றியும் இதையே கேளுங்கள். கொடிவழி வரையும்போது ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணையே எல்லா இடத்திலும் போட்டு வாருங்கள். இல்லாவிட்டால் ஒரே பெண்மணி மகளாக ஒரு தடவை, மாமியாராக ஒரு தடவை எண்ணப்பட்டுவிடுவார்.

அப்புறம் மொய் நோட்டு. இதைவிட நல்ல சாட்சியம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், தாத்தாவுடன் பிறந்தவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். கொடுத்ததைத் திருப்பிச் செய்ய வேண்டுமே, அதனால் யாரும் லேசில் தூக்கிப் போடமாட்டார்கள். நீள நோட்டு, மேலே பிள்ளையார் சுழி, என்ன விசேஷம் என்று ஒரு வரி. கீழே ஒவ்வொரு வரியிலும் முதலில் ஊர், அப்புறம் தலைப்பெழுத்தோடு பெயர், கடைசியில் தொகை. பாகனேரி என்று ஓர் ஊர், பெயர், 11 ரூபாய். இப்படியே பக்கம் பக்கமாக ஓடும். தொகையை விடுங்கள். ஊரை மட்டும் ஒரு தாளில் தனியாக எழுதுங்கள். கல்யாணம், காது குத்து, கருமாதி மூன்றிலும் திரும்பத் திரும்ப ஓர் ஊர் வருகிறது, அந்த ஊரோடு நமக்கு என்ன உறவு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றால், அந்த ஊருக்கு ஒரு பெண் போயிருக்கிறாளா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் போயிருப்பாள்.

காது குத்து நோட்டை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அதில் முதலில் வருவது தாய்மாமன் சீர். உங்கள் வீட்டு நோட்டில் இருப்பது உங்கள் வீட்டுக்கு வந்த மருமகளின் அண்ணன் தம்பிகள். உங்கள் தாத்தாவும் அவர் சகோதரர்களும் தாய்மாமனாக நின்ற வரிகள் அந்தப் பெண்கள் வாழ்க்கைப்பட்ட வீட்டு நோட்டில்தான் இருக்கும். ஆகவே ஓர் ஊர் தெரிந்ததும் அங்கே போய், "எங்கள் தாத்தா இங்கே தாய்மாமனாக நின்றிருக்கிறாரா" என்று கேளுங்கள். தாய்மாமன் யார் என்பதை அந்த வீட்டில் மறந்திருக்க மாட்டார்கள். சாவு வீட்டிலும் இதே கதைதான். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி, அதாவது புதுத்துணி, வந்தாக வேண்டும். யார் கொண்டுவந்தார்கள் என்பதை அந்த வீட்டு மருமகள்கள் ஐம்பது வருஷம் கழித்தும் சொல்வார்கள், வராமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். ஆகவே விசாரிக்கப் போகும் வீடுகளில் ஆண்கள் பேசி முடித்ததும் சமையல்கட்டுப் பக்கம் போய் உட்காருங்கள்.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். நிலமும் வீடும் விற்றாயிற்று என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். தேடுபவருக்கு அதில் ஒரு நன்மை உண்டு. விற்றால் பத்திரம் இருக்கும், பத்திரம் இருந்தால் கையெழுத்துப் போட்டவர்கள் பெயர் இருக்கும். மூலப் பத்திரம் வாங்கியவரிடம் போயிருந்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். அந்தக் கிரயப் பத்திரத்தில் சொத்து எப்படி வந்தது என்று ஒரு பத்தி இருக்கும். முந்திய பத்திரத்தின் எண்ணும் வருடமும் அங்கே கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போகலாம்.

இதில் பூட்டனார் இறந்த வருடம் மிகவும் முக்கியம். இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 17.6.1956. அதற்கு முன் இறந்திருந்தால், மகன்கள் இருக்கும்போது பெண் மக்களுக்குப் பங்கு கிடையாது. பாகப்பிரிவினையில் அவர்கள் பெயர் வர வேண்டிய அவசியமே இல்லை. அதற்குப் பிறகு இறந்திருந்தால் அவர் பங்கில் மகள்களுக்கும் பாத்தியதை உண்டு. நிலத்தை வாங்க வந்தவர் பெரும்பாலும் அவர்கள் கையெழுத்தில்லாமல் வாங்கியிருக்க மாட்டார். விடுதலைப் பத்திரம் என்று ஒன்று எழுதி, இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்ன ஊர், இத்தனை வயது என்று போட்டு வாங்கியிருப்பார்கள். தனக்குரிய பங்கைத் தம்பிமார்களுக்கு விட்டுக் கொடுத்த அந்த நாளில்தான் பல பெண்களின் பெயர் முதல் தடவையாக அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. எனக்கு அது எப்போதும் மனசைத் தைக்கிற விஷயம். ஆனாலும் உங்களுக்கு உதவும்.

1956-க்கு முந்திய பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். இன்னார் குமாரர் 1-வது, 2-வது என்று வரிசையாகப் பெயரும் வயதும் இருக்கும். கடைசித் தம்பி சின்னப் பையனாக இருந்தால், "மைனருக்காகத் தாயாரும் கார்டியனுமான" என்று ஒரு பெண் பெயர் வரும். இரண்டாம் தாரத்தின் பெயர் அங்கேதான் கிடைக்கும். எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்கு என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பதினான்கு பேரையும் ஒரே வரிசையில் எழுதாமல், தாய்க்கு ஒரு வரிசையாக எழுதிப் பாருங்கள். வயது இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில் தவறிய குழந்தையோ, விட்டுப்போன பெண்ணோ இருக்கலாம்.

பல குடும்பங்களில் பாகம் பத்திரமாகப் பதிவாகியே இருக்காது. ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கூறுசீட்டு எழுதிப் பிரித்திருப்பார்கள். அப்போது பார்க்க வேண்டியது செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. ஒருவர் விற்ற நிலத்துக்கு வடக்கே இன்னார் பூமி, தெற்கே இன்னார் பூமி என்று எழுதியிருக்கும். அப்பன் நிலத்தை நீளவாக்கில் பிரித்த அண்ணன் தம்பிகள்தான் பெரும்பாலும் அந்த இன்னார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ பதிவேட்டில் ஒரே சர்வே எண்ணின் உட்பிரிவுகளில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலும் இது தெரியும்.

இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். சர்வே எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்குத் தனி அட்டவணை உண்டு. கட்டணம் கட்டினால் நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் யார் வேண்டுமானாலும் பார்க்க, பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் கிராமம் அந்த நாளில் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லைகள் மாறியிருக்கலாம். 1910-க்கு முந்திய பத்திரத்தில் மதுரை ஜில்லா என்றும், அப்புறம் இராமநாதபுரம் ஜில்லா என்றும் இருக்கும். 1985-ல் பிரிந்த மாவட்டம்தான் இப்போதைய சிவகங்கை. அந்தப் பக்கம் சிவகங்கை ஜமீன் நிலம். 1948-ம் வருட எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் குடியானவர் பெயருக்கு அரசாங்கப் பட்டா வந்தது. பழைய பத்திரத்தில் சர்வே எண்ணுக்குப் பதில் பைமாஷ் எண், அதாவது பழைய நில அளவை எண், இருந்தால் குழம்ப வேண்டாம்.

பிறப்பு இறப்புப் பதிவேட்டை அதிகம் நம்பி அலையாதீர்கள். பழைய கிராமப் பதிவேடு கிடைத்தாலும் "ஆண் குழந்தை" என்று மட்டும் போட்டு, தகப்பன் பெயர் இருக்கும். பள்ளிக்கூடப் பதிவேட்டில் பிறந்த தேதி வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது. அதைவிட, "தாது வருஷம் பிறந்தவர்" என்று பெரியவர்கள் சொல்வது நம்பகமானது. ஆனால் தமிழ் வருடம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பும். தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. பஞ்சம் வந்த தாது முதலாவது. உங்கள் பூட்டனார் பிள்ளை ஒருவருக்கு அந்த வருடம் சொல்லப்பட்டால் அது இரண்டாவது தாதுவாகத்தான் இருக்க முடியும்.

ஒரே பெயர்ச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மகன்களும் தங்கள் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரையே வைத்திருப்பார்கள். பூட்டனார் பெயர் கருப்பையா என்று வைத்துக்கொண்டால், ஒரே ஊரில் ஒரே வயதில் ஆறு கருப்பையா. தலைப்பெழுத்துதான் பிரித்துக் காட்டும், அதுவும் இரண்டு பேருக்கு ஒன்றாக அமையலாம். ஊரில் கேட்கும்போது பெயரைச் சொல்லாமல் கிணற்று வீட்டுக்காரர், நடுவீட்டுக்காரர், ரங்கூன்காரர் என்று பட்டப்பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

ரங்கூன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆண்களிலும் ஒருவர் விட்டுப்போயிருக்கலாம். செட்டிநாட்டுக் கிராமங்களிலிருந்து செட்டியார் கடைகளுக்குச் சமையலுக்கும் எடுபிடிக்கும் பர்மா, மலேயா போனவர்கள் நிறைய. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது நடந்தே கிளம்பியவர்களில் வழியிலேயே போனவர்களும் உண்டு. மலேயாவில் தங்கி அங்கேயே குடும்பமானவர்களும் உண்டு. "பினாங்கு போனான், திரும்பவில்லை" என்று யாராவது சொன்னால் அவரையும் ஓர் எண் கொடுத்து எழுதி வையுங்கள். எந்தச் செட்டியார் வீட்டோடு போனார் என்று தெரிந்தால் அந்த வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். பழைய பேரேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நகரத்தார்களுக்கு, அதாவது அந்தச் செட்டியார்களுக்கு, இந்தக் கஷ்டம் குறைவு. ஒன்பது நகரக் கோவில்களில் ஏதாவது ஒன்றில் கல்யாணத்துக்கு மாலை வாங்கும்போதே புள்ளியாக, அதாவது ஒரு குடும்பக் கணக்காக, பதிவாகிவிடுகிறது. விவசாயக் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது குலதெய்வக் கோவிலின் தலைக்கட்டு வரிப் பட்டியல். கும்பாபிஷேகம், புரவியெடுப்பு நடந்த வருடங்களில் வரி போட்ட நோட்டு கோவில் பூசாரியிடமோ கரைகாரரிடமோ இருக்கும். ஆண்களுக்கு அது போதும்.

ஊருக்குப் போவதை மாசி மகா சிவராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பங்காளிகள் குலதெய்வத்துக்கு வந்து கூடுகிற இரவு அது. ஒன்று மட்டும் கவனம். சொத்து விற்ற குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து, வாரிசு யார் யார் என்று நோட்டும் பேனாவுமாகக் கேட்டால், பங்கு கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அத்தை வீடுகளில் இன்னும் கூடுதலாக நினைப்பார்கள், ஏனென்றால் அங்கே வாங்காமல் விட்ட பங்கு ஒன்று இருக்கும். போன உடனேயே "நிலம் எல்லாம் விற்றாயிற்று, எங்களுக்கு எதுவும் வேண்டாம், பெரியவர்கள் பெயர் மட்டும் தெரிந்தால் போதும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். யார் வீட்டுப் பத்திரத்தையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனவர், இன்னொரு வீட்டுக்குச் சுவீகாரம் போனவர் என்று பேச்சு வந்தால் அந்த வீட்டார் சொல்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்களையும் கொடிவழியில் விட்டுவிடாமல் எழுதுங்கள், அவர்களும் அந்த அம்மா பெற்ற பிள்ளைகள்தான். உயிரோடு இருப்பவர்கள் பெயரையும் பிறந்த தேதியையும் இணையத்தில் போட வேண்டாம்.

அலுவலகம் எல்லாம் அடுத்த மாதம் போனால் போதும். 78 வயதுக்காரர் வீட்டில் இருக்கிறார், அவரிடம் இந்த வாரமே உட்காருங்கள். "உங்கள் அத்தைமார் எத்தனை பேர்" என்று கேட்டால் தெரியாது என்பார். "சின்ன வயதில் பொங்கல் சீர் எந்தெந்த ஊருக்குக் கொண்டுபோனீர்கள், யாரோடு போனீர்கள், அந்த வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேளுங்கள், ஊர்கள் வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். விற்ற பத்திரத்தின் நகல் கிடைத்து, பழைய எழுத்தோ அளவுக் குறியோ படிக்க வரவில்லை என்றால் இந்தப் பகுதிக்கே அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.